ஏசாவின் சீட்டு

சீட்டைப் பிரித்துப் பார்த்தாள் சின்னவள். ஏசா. பார்த்ததும் உள்ளுக்குள் ஒரு குஷி. சும்மா சொல்லக்கூடாது, இத்தனை நாள் அந்த டம்ளருக்குள் கை விட்டதில் இவ்வளவு பொருத்தமான ஆள் அவளுக்கு வாய்த்ததே இல்லை.

இந்தச் சீட்டு விவகாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் டிரைவர் வீட்டு முன்னறையில் பைபிள் வாசிக்கிற கூட்டம் ஒன்று நடக்கும். கூட்டம் என்றதும் மைக்செட்டெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள், மொத்தமே ஐந்து பேர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர், அவர் மனைவி, பல் டாக்டரம்மா, செல்போன் ரிப்பேர் பார்க்கிறவர், அப்புறம் சலவைக் கடையில் வேலை பார்க்கிற நம்ம சின்னவள். பைபிளை மடியில் வைத்துக்கொண்டு அடுத்தவன் பாவத்தைப் பற்றியே பேசுகிற கூட்டங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போன டிரைவர், தன் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். அன்றைக்கு வாசிக்கிற கதையில் யார் யார் வருகிறார்களோ அவர்கள் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஓர் எவர்சில்வர் டம்ளரில் போடுவார். ஆளுக்கொரு சீட்டு. எந்தப் பெயர் வருகிறதோ அந்த ஆளாகவே உட்கார்ந்து 'நான்' என்று பேச வேண்டும். தம்பி ஆபேலைக் கொன்ற காயீன் பொறாமைப்பட்டான் என்று சொன்னால் செல்லாது. நான் பொறாமைப்பட்டேன், இன்னார்மேல், இன்ன காரணத்துக்காக என்று சொல்ல வேண்டும். பேசி முடித்தால் சீட்டு திரும்ப டம்ளருக்குப் போகும். பேசாதவர்கள் அதைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும்.

"பஸ்ஸுக்குள்ள ஏறி உட்காருங்க. வெளிய நின்னு போர்டையே படிச்சுக்கிட்டிருந்தா ஊர் போய்ச் சேர முடியாது" என்பார். அவருக்கு எல்லாமே பஸ்தான். "கதையில வர்ற அத்தனை பேரும் உங்களுக்குள்ளதான் இருக்காங்க. எனக்குள்ள ஆபேல் மட்டும்தான் இருக்கான், காயீன் இல்லைன்னு யாராச்சும் சொன்னா அவங்க டிக்கெட் எடுக்காத ஆளு."

நல்ல சட்டம்தான். ஆனால் எந்தச் சட்டத்தில்தான் நாம் ஓட்டை கண்டுபிடிக்கவில்லை? பல் டாக்டரம்மாவுக்குக் காயீன் வந்த அன்றைக்கு, தங்கை வாங்கிய கம்மலைப் பார்த்து ஒருநாள் வயிறெரிந்ததைச் சொல்லி முடித்துக்கொண்டார். கொலைக்கும் கம்மலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் வாயில் பல் இருக்கிறதே, நாளைக்கு அவரிடம்தானே போக வேண்டும். சின்னவளுக்கு மார்த்தாள் வந்தபோது அவள் அழுதேவிட்டாள். வீட்டு வேலை முழுக்க ஒருத்தி தலையில் விழ, இன்னொருத்தி உட்கார்ந்த இடத்திலேயே நல்ல பேர் வாங்கிக்கொண்ட கதை அல்லவா அது. அன்றிலிருந்து கூட்டத்தில் அவளுக்கு மார்த்தாள் என்றே பேர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் பாடு எல்லாருக்கும் தெரியும். சர்க்கரை வியாதி அம்மாவின் கண் இரண்டையும் தின்றுவிட்டது. அம்மாவைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, கடைசி வரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. முதுகு தேய்த்துவிடும்போதெல்லாம், "கையாடி இது, உப்புத்தாள். மெதுவாத் தேய்" என்பாள். நாள் முழுக்க நீராவியிலும் சோப்புத் தண்ணீரிலும் கிடக்கிற கை பின்னே எப்படி இருக்கும்? ஒரு நாளாவது, நீ இல்லாவிட்டால் நான் என்னடி ஆவேன் என்று அந்த வாய் சொல்லுமா என்று சின்னவள் காத்திருந்தாள். சொல்லவே இல்லை.

அக்கா வேறு ஊரில் நர்ஸ், ரயிலில் அரை நாள் தூரம். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்கு டியூட்டியை மாற்றிவிட ஆள் கிடைக்காமல், அவள் வந்து சேர்வதற்குள் அப்பாவை அடக்கம் செய்தாகிவிட்டது. வாசலில் வந்து நின்றவளை, வீடு நிறைய ஜனம் இருக்கும்போது அம்மா கேட்டாள். "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் ஊசி போட உனக்கு நேரமிருந்துச்சு, பெத்த அப்பன் மூஞ்சியைப் பார்க்க நேரமில்லை. உன் பேரைச் சொல்லிச் சொல்லியே மனுஷன் போனாரு. நீ வந்திருந்தா பிழைச்சிருப்பாருடி. கொன்னுட்டியேடி." அதோடு சரி. அதற்கப்புறம் பெரியவள் வாரம் தவறாமல் போன் செய்வாள், அம்மா போனை வாங்க மாட்டாள். "நல்லாயிருக்காங்களா?" என்று அக்கா கேட்பதும், "இருக்காங்க" என்று தங்கை சொல்வதுமாக வருஷங்கள் ஓடின.

ஆகவே ஏசா சீட்டு வந்ததில் அவளுக்குக் குஷி வந்தது நியாயம்தானே? காடு மேடெல்லாம் அலைந்து, வேட்டையாடி, அப்பாவுக்குப் பிடித்ததைச் சமைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றவன் ஏசா. ஆசீர்வாதம் மட்டும் வேற ஆளுக்குப் போய்விட்டது. இன்றைக்கு ஒரு பிடி பிடித்துவிடலாம் என்று சின்னவள் முந்தானையைச் சரிசெய்து உட்கார்ந்தாள்.

மற்ற சீட்டுகளில் ஈசாக்கு பல் டாக்டரம்மாவுக்கும், ரெபெக்காள் டிரைவர் மனைவிக்கும், யாக்கோபு செல்போன்காரருக்கும் போயிருந்தன. டிரைவருக்கு எப்போதும் சீட்டு கிடையாது, அவர் வண்டி ஓட்டுகிறவர். அவர் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். கண் தெரியாமல் போன ஈசாக்கு, சாவதற்கு முன்னால் மூத்த மகன் ஏசாவை ஆசீர்வதிக்க ஆசைப்படுகிறான். மூத்தவன் வேட்டைக்குப் போன நேரம் பார்த்து, தாய்க்காரி ரெபெக்காள் இளையவன் யாக்கோபைத் தயார் பண்ணி உள்ளே அனுப்புகிறாள். மூத்தவனுக்கு உடம்பெல்லாம் ரோமம் என்பதால் இளையவன் கையில் ஆட்டுத் தோலைக் கட்டிவிடுகிறாள். அந்த வயசில் ஆட்டுத் தோல் வந்ததும் பிள்ளைகளெல்லாம் சிரிப்பார்கள், சின்னவளும் சிரித்திருக்கிறாள். இன்றைக்கு அவள் பாதிக் காதோடுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். மீதிக் காதில், தான் பேசப்போவது ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த இடம் வந்தது. தோலைக் கட்டுவதற்கு முன்னாலேயே ரெபெக்காள் இன்னொரு காரியம் செய்கிறாள். வீட்டில் மூத்தவனுடைய நல்ல உடுப்பு ஒன்று இருக்கிறது, அதை எடுத்து இளையவனுக்குப் போட்டுவிடுகிறாள். கிழவனும் பிள்ளையைக் கிட்டே இழுத்து, அந்த உடுப்பை மோந்து பார்த்து, இது என் மூத்த பிள்ளையின் வாசனைதான் என்று நம்பித்தான் வாயைத் திறக்கிறான்.

சின்னவளுக்குக் குப்பென்று வியர்த்தது. எத்தனை தரம் கேட்ட கதை. ஆட்டுத் தோல் ஞாபகம் இருந்தது, உடுப்பு எப்படி ஞாபகத்தில் இல்லாமல் போனது?

"ஏசா ஆரம்பிக்கட்டும்" என்றார் டிரைவர். "சொல்லும்மா."

"நான் ஏசா" என்றாள் சின்னவள். "நான்... வேட்டைக்குப் போயிருந்தேன். நான் திரும்பி வர்றதுக்குள்ள..." அதற்கு மேல் நாக்கு எழவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்த்தாள் அழப்போகிறாள் என்று டிரைவர் மனைவி பரிவோடு தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்தப் பரிவுதான் அவளைக் கொன்றது. "தலைவலிக்குது அண்ணே. அவரு முதல்ல பேசட்டும்."

செல்போன்காரர் தொண்டையைச் செருமினார். ஒரு கிழவரின் போனில் பேட்டரிதான் கெட்டுப்போயிருந்தது, போர்டே போச்சு என்று அவரிடம் தான் சொன்னதாக ஒப்புக்கொண்டார். கம்மல் அளவுக்கான பாவம். டிரைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் மனுஷன் அதோடு விடவில்லை.

"எனக்கு ஒரு சந்தேகம் அண்ணே. நான்தான் ஏசான்னு யாக்கோபு சொல்லிட்டான். அப்பாவும் வாய் நிறைய வாழ்த்துறாரு. அத்தனை நல்ல வார்த்தையும் இவன் காதுல விழுது, ஆனா ஒண்ணுகூட இவன் பேருக்கு இல்லை. அந்த நேரத்துல அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?"

"முதல்ல நல்லாத்தான் இருக்கும்" என்றாள் சின்னவள். தான் பேசுவதே அவளுக்குத் தெரியவில்லை. "யாருக்கோ சொல்ற மாதிரியே இருக்காது. அப்புறம் ஒவ்வொரு வார்த்தையா உள்ள குத்தும். இவ்வளவு பாசத்தை மனசுல வச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாள் என்கிட்ட ஒண்ணும் பேசலையான்னு ஆத்திரம் வரும்."

"நீ ஏசாம்மா" என்றார் டிரைவர் மெதுவாக. "யாக்கோபு அவரு."

சின்னவள் எழுந்துவிட்டாள். "அக்கா சாயங்கால வண்டியில வர்றா. நான் கிளம்புறேன்." சீட்டை டம்ளரில் போடப் போனாள். டிரைவர் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டார். "பேசாத சீட்டு கையோட போகணும். ரூல் ரூல்தான்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு, சாவி அவளிடம்தான் இருக்கும். முதலாளிக்கு அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை. "உன் கையில வந்த துணி ஒருநாளும் வழி தப்பாது" என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். உண்மைதான். வருகிற துணி ஒவ்வொன்றிலும் நம்பர்ச் சீட்டைக் குத்துவதும், பையைத் துழாவிப் பார்ப்பதும், வெளுத்துத் தேய்த்த துணியைக் கொடுக்கும்போது நம்பரை இரண்டு தரம் ஒப்பிடுவதும் அவள்தான். ஒருத்தர் சட்டை இன்னொருத்தர் கைக்குப் போய்விட்டால் ராத்திரி தூக்கம் வராது அவளுக்கு. கேட்க ஆள் வராத துணிகளுக்கென்று கடையின் பின்புறம் ஒரு கம்பி உண்டு. அதில் பழைய கோட்டுகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கியது நீல ஸ்வெட்டர். மரப் பட்டன் வைத்தது. அதில் மட்டும் நம்பர்ச் சீட்டு இல்லை.

அது பெரியவளுடையது. வேலைக்குப் போவதற்கு முன்னால் அவள் போட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் வருஷக்கணக்காய்த் தொங்கியது. துவைத்துப் போடுகிறேன் என்று சின்னவள் எப்போது எடுத்தாலும் அம்மா விடமாட்டாள். "அது பாட்டுக்கு அங்க இருக்கட்டும்." மகளோடு பேசமாட்டாளாம், மகள் ஸ்வெட்டரைத் துவைக்கவும் விடமாட்டாளாம். சின்னவளுக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் மழைக்காலத்தில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வார்டில் ஏசி குளிர் தாங்கவில்லை. மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்த சின்னவள், தன் சால்வை மழையில் நனைந்துவிட்டதால், கைக்கு எட்டிய அந்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போனாள். குளிருக்காகத்தான், வேறு எண்ணம் சத்தியமாக இல்லை. கட்டிலில் உட்கார்ந்து போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோது அம்மாவின் கை அவள் மார்பில் பட்டது. அந்தக் கை நின்றது. ஒரு பட்டனைத் தடவியது. அடுத்ததைத் தடவியது. அம்மா ஸ்வெட்டரைப் பிடித்துக் கிட்டே இழுத்து மோந்து பார்த்தாள்.

"பெரியவளா?" என்றாள். "வந்துட்டியா?"

இல்லைம்மா, நான்தான் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் அம்மாவின் முகம் அப்படி மலர்ந்ததை, அம்மாவுக்குக் கண் போன பிறகு சின்னவள் பார்த்ததே இல்லை. "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டாள். அக்கா தங்கை இரண்டு பேர் குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அம்மா பேசினாள். நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். அப்பா சாவுக்கு நீ காரணமில்லை. டாக்டர் அன்றைக்கே என்னிடம் சொன்னார், யார் வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாதென்று. துக்கத்தில் நாக்கு தவறிவிட்டது. அப்புறம் வெட்கமாகிவிட்டது, போனை எந்த முகத்தோடு வாங்குவது? நீ ஊசி போடுகிற கை. அந்தக் கை நல்லாயிருக்கணும். அந்தக் கையால் நாலு பேர் பிழைக்கணும். அம்மா சின்னவளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். அதற்கப்புறம் நடந்ததைச் சின்னவள் ஒரு வருஷமாக நினைக்காமல் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலமே அம்மாவுக்கு நினைவு தப்பியது. அதற்குப் பிறகுதான் அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, தங்கையின் காதருகே குனிந்து கேட்டாள். "அம்மா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களாடி?"

"ஒண்ணும் சொல்லலை" என்றாள் சின்னவள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? உழைத்தவள் நான், சொல்லெல்லாம் உனக்கா என்கிற எரிச்சல்தான், வேறென்ன. ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தாள். ஒரு வாரம் கழித்து, ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பயந்தாள். பிறகு ஸ்வெட்டரைக் கடைக்குக் கொண்டுவந்து, நல்ல சோப்புப் போட்டு, இரண்டு தரம் அலசி, உறை மாட்டித் தொங்கவிட்டாள். துணி சுத்தமாகிவிட்டது. இப்போது ரயிலில் வந்துகொண்டிருக்கிற அக்கா, போன வாரம் போனில் சொல்லியிருந்தாள். வேலையை விட்டுவிடப் போகிறாளாம். வயசான மனுஷன் யாராவது கட்டிலில் கிடந்தால் அப்பா மாதிரியே தெரிகிறதாம். ஊசியை எடுத்தால் கை நடுங்குகிறதாம்.

சின்னவள் ஸ்வெட்டரைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டினாள்.

பெரியவள் வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆள் பாதியாய் இளைத்திருந்தாள். கைகால் கழுவி, டீ குடித்து, அம்மா படுத்திருந்த கட்டிலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வேலையை விடறதா சொல்லிட்டு வந்துட்டேன்டி" என்றாள். "யோசிச்சு முடிவு பண்ணுன்னு மேட்ரன் அனுப்பி வச்சிருக்காங்க. யோசிக்க என்ன இருக்கு? இந்தக் கையை நம்பி யார் உடம்பைக் கொடுப்பாங்க?"

சின்னவள் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்தால் எங்கே பாதியில் நிறுத்திவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். வார்டு, குளிர், பட்டன், தான் சொன்ன ஆமாம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். ஒரு வருஷமாக அவளுக்குள் அது மனப்பாடமாகக் கிடந்தது, ஒன்றும் தப்பவில்லை. யார் வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்பதைச் சொன்னபோது பெரியவளின் தோள் ஒருதரம் குலுங்கியது. ஊசி போடுகிற கை நல்லாயிருக்கணும் என்பது வந்தபோது பெரியவள் தன் இரண்டு கையையும் மடியில் விரித்துப் பார்த்தாள்.

பிறகு ஸ்வெட்டரை உறையிலிருந்து எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். எடுத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தாள்.

"துவைச்சுட்டியா?"

"ஆமாக்கா."

"அம்மா தொட்டதை, மோந்து பார்த்ததைத் துவைச்சுட்டியா?"

சின்னவள் தலை குனிந்து நின்றாள்.

"ஒரு வருஷம்டி" என்றாள் பெரியவள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சின்னவள் தாங்கியிருப்பாள். "ஒரு வருஷம் நான் அப்பனைக் கொன்னவளாவே எந்திரிச்சேன், அப்படியே படுத்தேன். ஒரு போன் போதும் உனக்கு. என்னைப் பார்த்தா உனக்கு அவ்வளவு கசப்பா?"

"கசப்புதான்க்கா. அன்னைக்குக் கசப்புதான். இன்னைக்கு இல்லைன்னு சொன்னா நீ நம்ப வேண்டாம்."

பெரியவள் பட்டனை ஒவ்வொன்றாகத் தடவினாள். அம்மா தடவியது போலவே தடவுகிறாள் என்பது சின்னவளுக்கு மட்டும் தெரிந்தது.

"அவ்வளவுதானா? கடைசியா என்ன சொன்னாங்க?"

இதுதான் அவள் தள்ளித் தள்ளி வைத்திருந்தது. "கடைசியா..." என்றாள். "அப்புறம் சின்னவ இருக்காளே, அவ, அப்படின்னு ஆரம்பிச்சாங்க."

"ஆரம்பிச்சு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"நான் கையை உருவிட்டு எந்திரிச்சுட்டேன்க்கா. உனக்கு அவ்வளவு நல்லதாச் சொல்லிட்டு, அடுத்து என்னைப் பத்தி உன்கிட்ட குறை சொல்லப் போறாங்க, உப்புத்தாள் கைக்காரின்னு சொல்லப் போறாங்கன்னு நினைச்சேன். அதையும் உன் பேர்ல உட்கார்ந்து கேட்கணுமான்னு சுடுதண்ணி எடுக்கறேன்னு வெளிய போயிட்டேன். வராண்டாவுல நின்னேன். திரும்பி வந்தப்ப தூங்கிட்டிருந்தாங்க. அப்புறம் அவங்க பேசவே இல்லை."

நின்றுகொண்டிருந்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா தன் வாழ்நாளில் சொல்லாததைச் சொல்ல வந்தாளோ, சொல்லிச் சொல்லிப் பழகிய குறையைத்தான் சொல்ல வந்தாளோ, இனி யார் சொல்வது? அக்காவுக்கு வந்ததை எடுத்துக்கொள்ளப்போய், தனக்கு வந்ததைக் கேட்காமல் விட்டுவிட்டாள். ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. தான் யாக்கோபு என்று நினைத்துத்தான் கடையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வந்தாள். யாக்கோபு வாங்கியதை உரியவளிடம் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நம்பினாள். கொடுத்தாகிவிட்டது. இப்போது கையில் ஒன்றுமில்லை. கதையில் ஏசா ஒரு கேள்வி கேட்டு ஓங்கி அழுவான், அப்பா, உன்னிடம் இருந்தது அந்த ஒன்றுதானா, எனக்கு ஒன்றுமே மிச்சமில்லையா என்று. மத்தியானம் அதை வாசித்தபோது அவள் காதில் விழவே இல்லை. அந்த நேரம் உடுப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள். "அம்மா என்னைப் பத்தி என்ன சொல்ல வந்திருப்பாங்க? உனக்கு ஏதாச்சும் தோணுதா? ஒரு வார்த்தை போதும்க்கா."

பெரியவள் அவளைப் பார்த்தாள். வாய் வரை ஏதோ வந்தது, அதை விழுங்கிக்கொண்டாள்.

"தெரியாதுடி. நல்லதாத்தான் சொல்லியிருப்பாங்கன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் பேசினது இந்த வீட்டுல போதும்."

அதைக் கேட்டதும் சின்னவள் அழுதாள். மார்த்தாளாகக் கூட்டத்தில் அழுத அழுகை இல்லை இது. முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி அழுதாள். பெரியவள் தடுக்கவில்லை. அவளுக்கு நோயாளிகளைத் தெரியும், எதை அடக்கக்கூடாது என்று தெரியும். நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

அழுகை ஓய்ந்து விக்கல் மட்டும் மிஞ்சியபோது பெரியவள் சொன்னாள். "உன்னை மன்னிச்சுட்டேன்னு இப்போ சொல்ல முடியலை. வாயில வரமாட்டேங்குது."

"வர்றப்போ வரட்டும்க்கா."

"எனக்கு அம்மா மாதிரி வருஷக்கணக்காத் தள்ளிப்போடத் தெரியாது. வந்த அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிடுவேன். நீ எடுக்கணும்."

"எடுக்கறேன்."

பெரியவள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். தோளில் தொளதொளவென்று தொங்கியது. பட்டனைப் போட்டுக்கொண்டே வந்தவளின் விரல் கடைசிப் பட்டனில் நின்றது. கை நடுங்குகிறதா என்று இரண்டு பேருமே பார்த்தார்கள். கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது, ஆனால் பட்டன் ஓட்டைக்குள் போய்விட்டது.

"நாளைக்குக் காலைல எந்த வண்டிடி இருக்கு?" என்றாள் பெரியவள். "மேட்ரன்கிட்ட நேர்ல பேசணும். வேற ஆளைப் போடறதுக்குள்ள போயிடணும்."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொள்ள முந்தானை நுனியைத் தேடினாள். அதில் முடிந்துவைத்திருந்த சீட்டு கையில் தட்டுப்பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்துவைத்துப் பேச வேண்டும். இந்தத் தடவை கம்மல் கதை சொல்லித் தப்பிக்க முடியாது. முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு, அக்காவுக்கு வண்டி நேரம் பார்க்க எழுந்தாள்.